பன்னிரண்டு டர்ன் மாப்பிள்ளை

என் கல்யாண பயோடேட்டாவில் உயரம், எடை, நட்சத்திரம், படிப்பு எல்லாம் உண்மை. ஒரே ஒரு வரி மட்டும் பொய். 'பொழுதுபோக்கு: ரோபோட்டிக்ஸ்' என்ற அந்த வரியை எழுதியவர் என் அக்கா கணவர் சேகர் மாமா.

"தூங்குறது, கிரிக்கெட் பாக்குறதுன்னு உண்மைய எழுதினா எவன்டா மச்சான் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜி தருவார்கள், காபி தருவார்கள், பாடத் தெரியுமா என்று பெண்ணைக் கேட்பார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு 'எங்கே ஒரு ரோபோ செய்து காட்டு' என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. நான் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. (அதைச் செய்கிறவனுக்குத் தன் தப்பு மட்டும் கண்ணில் படாது என்பதற்கு நானே சாட்சி.) படூரில் வாடகை ஃபிளாட். அப்பா அம்மா செங்கல்பட்டில். அப்பாவுக்குக் கோயில் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நெற்றி நிறைய விபூதி. பக்கத்து வீட்டில் ஆம்லெட் போட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேவாரம் சொல்லுகிற அளவுக்குச் சைவம்.

பெண் வீடு அணுபுரம் குவார்ட்டர்ஸ். பெண்ணின் அப்பா சிவராமன் சார் அணுமின் நிலையத்தில் என்ஜினியர். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகம். பெண் ரேணுகா, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் லெக்சரர். பாடம் இன்ஸ்ட்ருமென்டேஷன். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பஜ்ஜி நன்றாக இருந்தது.

"ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசட்டுமே" என்று பெரியவர்கள் எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். கொடியில் துணி, தொட்டியில் துளசி, நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் நியூஸ்பேப்பர் விரித்து அதில் ஒரு வண்டி மல்லாந்து கிடந்தது.

"ரோபோட்டிக்ஸ்னு போட்டிருந்தது" என்றாள் ரேணுகா.

"ஆமா... சும்மா... சின்ன லெவல்ல" என்றேன். (சின்ன லெவல் என்பது பூஜ்ஜியத்தையும் சேர்த்துத்தானே?)

"அப்போ இதைப் பாருங்க. இதுக்குப் பேரு ஆமை."

அவள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரிமோட் கார் அது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், குண்டு குண்டாக நாலு ரப்பர் சக்கரம். கிராலர் என்பார்களாம். வேகமாக ஓடுவது இதன் வேலையே இல்லை. பாறை மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஏற வேண்டும். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு பெருமை. இவ்வளவையும் ரேணுகா அழகாக விளக்கிச் சொன்னாள். அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும். பேசும்போது அது வந்து வந்து போகும். நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்ததில் 'மெதுவாக' என்ற சொல் என் காதுக்கு வெளியே நின்றுவிட்டது.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. புதுசு போடணும். பிரஷ்டு போடலாமா, பிரஷ்லெஸ் போடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குத் தெரிந்த பிரஷ் இரண்டுதான். ஒன்று பல் விளக்க, இன்னொன்று சுவருக்குப் பெயிண்ட் அடிக்க. மோட்டாருக்கு எதற்கு பிரஷ்? ஆனாலும் 'லெஸ்' என்று முடிந்தால் ஏதோ குறைச்சல் என்று பள்ளிக்கூட இங்கிலீஷ் கைகொடுத்தது.

"பிரஷ்டுதான்" என்றேன், தாடையைத் தடவிக்கொண்டு.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதைத்தான் நினைச்சேன். மெதுவா கிளம்பும்போது அது திக்காம வரும். நிறைய பேர் புதுசா வந்ததுதான் ஒசத்தின்னு பிரஷ்லெஸ் போடச் சொல்றாங்க."

"அவங்களுக்கு அனுபவம் பத்தாது" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கன்னத்துக் குழி மறுபடி வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, "நானே நல்ல மோட்டாரா பாத்து வாங்கி, மாட்டியும் தர்றேன்" என்று சொல்லிவிட்டது.

உள்ளே போனால் சிவராமன் சார் தொண்டையைச் செருமினார். "பொண்ணு இன்னொரு தடவை பேசிட்டு முடிவு சொல்றேங்கிறா. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் மகாபலிபுரம் போகலாமா? வண்டியையும் அங்கே ஓட்டிப் பாத்துடலாம்."

ஆக, எனக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பது ஒரு பொம்மைக் காரின் மோட்டாரில் போய் நின்றது. ஆமையைப் பையில் போட்டுக்கொண்டு படூர் வந்தேன். பேட்டரி மட்டும் அவளிடமே இருந்தது. "நான் சார்ஜ் பண்ணி எடுத்துட்டு வர்றேன்" என்றாள். நானும் சரி என்றேன். மாட்டியதை ஓட்டிப் பார்க்க பேட்டரி வேண்டும் என்று ஒரு டெஸ்டருக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். இந்த மாதிரி சாமான் விற்கிற ஒரு பொந்துக் கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எத்தினி டர்ன் வோணும் அண்ணாத்த?" என்றார்.

"எல்லாப் பக்கமும் திரும்பணும்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மனசு இரங்கி, இரண்டு மோட்டாரை எடுத்து வைத்தார். ஒன்று அம்பத்தைந்து டர்ன். மங்கின சாம்பல் நிறத் தகரம், கேன்டீன் சாம்பார் வாளியைச் சுருக்கின மாதிரி இருந்தது. இன்னொன்று பன்னிரண்டு டர்ன். ரத்தச் சிவப்பு, தங்க நிற மூடி, பக்கவாட்டில் மின்னல் படம்.

"ரெண்டுல எது ஸ்பீடு?"

"பன்னெண்டு. டர்ன் கம்மியானா ஸ்பீடு, ஜாஸ்தியானா இழுவை. இன்னா வண்டிக்கு?"

"கிராலர்."

"அப்ப செவப்ப கீழ வை. கல்லு ஏற வண்டிக்கு அது ஒத்து வராது. சும்மா பிச்சிகினு போவும், சூடாயி பூடும். அம்பத்தஞ்ச எட்துகினு போ."

நான் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். அம்பத்தைந்து, பென்ஷன் வாங்கப் போகிற மோட்டார் போல இருந்தது. பெண் வீட்டார் எதிரில் இதைப் போய்க் காட்டுவதா? சிவப்பு, மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"எனக்கு ரோபோட்டிக்ஸ் தெரியும்" என்றேன் கம்பீரமாக.

"தெர்ஞ்சா சர்தான்" என்று அவர் சிவப்பைக் கட்டிக் கொடுத்தார். நான் படியிறங்கும்போது அவர் சிரித்தது கேட்டது. வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் ஃபிளாட்டில் உட்கார்ந்து மாட்டினேன். பழைய மோட்டாரைக் கழற்றி, பல்சக்கரத்தை மாற்றி, இரண்டு ஒயரைப் பற்ற வைக்க வேண்டும். ஆபீஸ் நண்பனிடம் கடன் வாங்கின சால்டரிங் அயர்ன் முதலில் பாயில் ஒரு ஓட்டை, பிறகு என் லுங்கியில் ஒரு ஓட்டை, மூன்றாவதாகத்தான் மோட்டாரைத் தொட்டது. சிவப்பு ஒயர் எந்தப் பக்கம், கறுப்பு எந்தப் பக்கம் என்பது கழற்றும்போது ஞாபகம் இருந்தது, மாட்டும்போது இல்லை. எந்தப் பக்கமாகப் போனால் என்ன, கரண்ட் உள்ளே போனால் சரி என்று முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில் எல்லோரும் கூடினோம். நான் வெள்ளை பேண்ட் போட்டிருந்தேன். அப்பா கையில் குடை. ரேணுகாவின் அம்மா அரக்குப் பட்டில் வந்திருந்தார். கோயில் பக்கம் கூட்டமாக இருந்ததால், கொஞ்சம் தள்ளி, மீனவர் குப்பத்தை ஒட்டி அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்துக்கு ரேணுகா கூட்டிப்போனாள். அவள் வழக்கமாக ஆமையை ஏற்றுகிற இடமாம். கற்குவியலின் அந்தப் பக்கம், இறுகின மணலில் பழைய வலைகளை விரித்து, நெத்திலியைக் காயப் போட்டிருந்தார்கள். வெள்ளி வெள்ளியாகக் கண்ணுக்கெட்டின வரைக்கும் நெத்திலி. அப்பா துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டார்.

ரேணுகா பேட்டரியைப் பொருத்திவிட்டு ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்கதானே மாட்டினீங்க. நீங்களே ஓட்டுங்க."

ரிமோட்டில் துப்பாக்கி விசை மாதிரி ஒன்று. இழுத்தால் முன்னால் போகும் என்றாள். இழுத்தேன். ஆமை பின்பக்கமாகப் பாய்ந்து சிவராமன் சாரின் முழங்காலுக்குக் கீழே 'டொக்' என்று இடித்தது.

"மாப்ள ரிவர்ஸ் செக் பண்றாரு" என்றார் சேகர் மாமா, சத்தமாக.

"ஆமா, செக்" என்றேன்.

ரேணுகா புருவத்தைச் சுருக்கினாள். "ஒயர் மாறியிருக்கு போல."

"இல்லல்ல. என் செட்டிங் அப்படித்தான்."

பிறகு விசையைத் தள்ளி முன்னால் ஓட்டினேன். ஓட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விசையில் விரல் பட்டாலே வண்டி தவளை மாதிரி எகிறியது. முதல் கல்லில் ஏறாமல் அதன் மேல் குதித்தது. இரண்டாவது கல்லில் சறுக்கி, இரண்டு பாறைக்கு நடுவில் சக்கரம் சிக்கி, 'ஙொய்ய்ய்' என்று அழுதது.

"விட்டுடுங்க. சூடாகும்" என்றாள் ரேணுகா.

"இப்ப ஏறிடும் பாருங்க" என்று முழு விசையையும் அழுத்தினேன்.

"என்னமோ தீயுது" என்றார் என் அம்மா.

ஆமையின் வயிற்றிலிருந்து நீலமாகப் புகை வந்தது. பயந்துபோய் விரலை எடுத்தேன். சக்கரம் நிற்கவில்லை! ரிமோட்டையே அணைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற சின்னப் பெட்டி, என் மோட்டாரின் பசி தாங்காமல் வெந்துபோய், கதவைத் திறந்துபோட்டது போல முழு கரண்டையும் விட்டுக்கொண்டிருந்தது. (இது பிற்பாடு ரேணுகா சொன்ன விளக்கம். அப்போது எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது. வண்டிக்கு.) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, சிக்கலிலிருந்து விடுபட்டு, கல்லிலிருந்து மணலில் குதித்து, ஆமை நேராக நெத்திலிக்குள் புகுந்தது.

திரும்புகிற முன்சக்கரம் ஒருபக்கமாகவே நின்றுவிட்டதால் அது வட்டம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றிலும் நாலு சக்கரமும் நெத்திலியை வாரி வாரி இறைத்தது. மூன்று நாய்கள் எங்கிருந்தோ வந்து துரத்தின. நாய்களுக்குப் பின்னால் நான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட ரேணுகாவின் அம்மாவை, ஆமை, நாய், நான் என்ற வரிசையில் மூன்று முறை பிரதட்சணம் வந்தோம். நாலாவது சுற்றில் நான் பாய்ந்து பிடிக்கப் போய், நெத்திலி மேல் குப்புற விழுந்து, வழுக்கிக்கொண்டே போய் அவர் காலடியில் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு நமஸ்காரம் பண்ணுவது போல இருந்திருக்கும்.

"தே! இன்னாடா இது பேஜாரு?" என்று ஒரு குரல் கேட்டது. நெத்திலிக்குச் சொந்தக்கார அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "வயசு என்னா ஆவுது, பொம்ம காரு வுட்டுகினு கீறே?"

அப்போது ரேணுகா துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, வட்டத்தின் ஓரத்தில் காத்து நின்று, ஆமை வந்த கணத்தில் காலை நீட்டி ஒரே தட்டில் மல்லாத்திப் போட்டாள். மல்லாந்தும் சக்கரம் நிற்கவில்லை. கடைசியாகப் பறந்த ஒரு நெத்திலி, அப்பாவின் நெற்றியில், விபூதிக்கு நட்டநடுவில் போய் ஒட்டிக்கொண்டது. ரேணுகா குனிந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள்.

அவள் மூடியைத் திறந்து மோட்டாரைப் பார்த்தாள். சிவப்பு பெயிண்ட் பொரிந்துபோயிருந்தது.

"பன்னெண்டு டர்ன்" என்றாள். "டர்ன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

வைவாவில் நிற்கிற மாணவன் மாதிரி, சட்டையெல்லாம் செதிலோடு எழுந்து நின்றேன். "தெரியாது."

"பிரஷ்னா?"

"தெரியாது."

"ரோபோட்டிக்ஸ்?"

"சேகர் மாமா எழுதினது."

சேகர் மாமா கடலில் ஏதோ கப்பல் போவது போல உற்றுப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், நெற்றியில் நெத்திலியோடு. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை. இந்த சம்பந்தம் போச்சு என்பதுகூடப் பெரிதில்லை. இந்தப் பெண் கல்லூரிக்குப் போய் இதைச் சொல்லுவாளே என்பதுதான் பெரிது.

அப்போதுதான் சிவராமன் சாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நெற்றியைச் சுட்டிக்காட்ட முயன்று, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷத்துல இவர் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்று ரேணுகாவின் அம்மா பயந்தே போனார்.

"சிர்ச்சது போதும்" என்றார் நெத்திலி அம்மா. அப்பா சட்டைப் பையில் கையை விட, "டப்பு வாணாம். மண்ணு கலந்து கீது பாரு. அல்லாரும் குந்தி, பொறுக்கி, ஒதறி, வலையில போட்டுட்டுப் போங்க."

"நாங்க சைவம்மா" என்றார் அப்பா, பரிதாபமாக.

"நான் இன்னா துன்னவா சொன்னேன்? பொறுக்கத்தானே சொன்னேன்!"

இரண்டு சைவக் குடும்பமும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து நெத்திலி பொறுக்கினோம். அரக்குப் பட்டும் உட்கார்ந்தது. அப்பா துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக, வாலைப் பிடித்து எடுத்தார். அந்த அம்மா குறுக்கும் நெடுக்கும் நடந்து மேஸ்திரி வேலை பார்த்தார். "யோவ் குடை, அங்க ஒண்ணு வுட்டுட்ட பாரு." கொஞ்ச நேரத்தில் அப்பாவும் சிவராமன் சாரும், யார் பங்கு சுத்தமாக இருக்கிறது என்று போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். முறையாகக் கை குலுக்கிச் சம்பந்தம் பேசியிருந்தால் ஆறு மாதத்தில் வராத நெருக்கம் அரை மணியில் வந்தது.

ரேணுகா என் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த வலையிலிருந்து ஒரு நூலை உருவி விரலில் சுற்றிக் காட்டினாள். "மோட்டாருக்குள்ள இப்படிக் கம்பி சுத்தியிருக்கும். எத்தனை சுத்தோ அத்தனை டர்ன். நிறைய சுத்தினா நிதானமா இருக்கும், ஆனா எவ்வளவு பாரமும் இழுக்கும். கம்மியா சுத்தினா குதிக்கும், பறக்கும், கடைசியில புகை விடும்."

"புரியுது" என்றேன். இந்த முறை நிஜமாகவே புரிந்தது.

குழாயடியில் கை கழுவும்போது, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பால்கனியில நீங்க தாடையைத் தடவினப்பவே தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன் வண்டியைக் குடுத்தீங்க?"

"எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாக்கத்தான். ரிவர்ஸ்லயே இவ்வளவு தூரம் போவீங்கன்னு நினைக்கல." கையை உதறிக்கொண்டாள். "ஆனா கேட்டதும் மூணு கேள்விக்கும் உண்மையைச் சொல்லிட்டீங்க. நாளைக்கு அப்பா போன் பண்ணுவார்."

கன்னத்தில் குழி விழுந்தது. நான் அன்று ஓ.எம்.ஆரில் ஷேர் ஆட்டோவில் படூர் திரும்பினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். எனக்கோ ஆட்டோ தரையில் ஓடுகிற உணர்வே இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எங்கள் வீட்டில் மோட்டார் உள்ள எந்தப் பொருளையும் வாங்க எனக்கு அனுமதியில்லை. மிக்சி, கிரைண்டர், ஃபேன் எதுவானாலும் கடை வாசல் வரைக்கும் போகலாம், பையைப் பிடித்துக்கொள்ளலாம். நான் கோபமாக ஏதாவது பேச வாயெடுத்தால் என் மகளே, "அப்பா, புகை வருது" என்கிறாள்.

மாமனார் இன்னும் ஒரு படி மேல். அணுபுரத்தில் யாரைப் பார்த்தாலும், "எங்க மாப்பிள்ளை. சிறுசேரியில வேலை. பன்னெண்டு டர்ன்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். போன பொங்கலுக்கு அப்படிச் சொன்னபோது, ஒரு பெரியவர் மரியாதையாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிறுசேரியில எந்தப் பக்கம் தம்பி அந்தக் கம்பெனி?" என்று கேட்டார். மாமனார், "கம்பெனி இல்ல சார், சுபாவம். டர்ன் கம்மியானா குதிப்பு ஜாஸ்தி" என்று ஆரம்பித்து, பாறை, புகை, நெத்திலி, நெற்றி என்று முழுக் கதையையும் நடு ரோட்டில் நின்று நடித்தே காட்டினார். பெரியவர் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சிரிப்பை நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெருமூச்சோடு சொன்னார்:

"அப்போ எங்க மாப்பிள்ளை ஆறு டர்ன் இருப்பார்."